சர்ஃப் போர்டில் அடிபட்டால்: வீட்டிலேயே சரிசெய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை இந்தக் கரையில் சொந்தமாக போர்டு வைத்திருப்பவர்கள் இப்போது நிறையப் பேர். போர்டு என்று இருந்தால் அடிபடத்தான் செய்யும். தூண்டில் வளைவுக் கற்களில் மோதும், பக்கத்தில் வருபவரின் ஃபின் (போர்டின் அடியில் மீன் துடுப்பு போல நிற்கும் பாகம்) கிழிக்கும், அதைவிட அதிகமாக வீட்டு கேட்டிலும் மாடிப்படியிலும் இடிபடும். பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் பெரும்பாலான அடிகளை வீட்டு மொட்டை மாடியிலேயே, கொஞ்சம் பொறுமை இருந்தால், நன்றாகச் சரிசெய்துவிடலாம். ஓட்டையின் அளவைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது உள்ளே போன தண்ணீருக்கும், தவறான ரெசினுக்கும்தான் (ரெசின் என்பது ஃபைபர் துணியை ஒட்டி இறுகும் பசைத் திரவம்). கீழே உள்ள பதில்களில் பாதி இந்த இரண்டைப் பற்றியே இருக்கும்.

அடிபட்டது தெரிந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

கரைக்கு வந்துவிடுங்கள். "இன்னும் நாலு அலை" என்று இருப்பதில்தான் சின்ன வேலை பெரிய வேலையாகிறது. போர்டு ஒவ்வொரு முறை வளையும்போதும் அந்த வெடிப்பு கொஞ்சம் திறந்து மூடும், தண்ணீரை உள்ளே இழுக்கும்.

நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அடிபட்ட இடத்தையும் லேசாகக் கழுவுங்கள். உப்பு உள்ளே தங்கினால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காயவே காயாது. பிறகு நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும் என்று தோன்றும், ஆனால் உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் சூடாகி விரிந்து, போர்டின் உடலாக இருக்கும் ஃபோமிலிருந்து மேலே உள்ள ஃபைபர் தோலைத் தூக்கிவிடும். அதன்பின் ஒரு ரூபாய் நாணயம் அளவு ஓட்டைக்காக முழு டெக்கையும் (நாம் நிற்கும் மேல்பக்கம்) உரிக்க வேண்டி வரும்.

மறுநாளே போட்டியோ வகுப்போ இருக்கிறது, போர்டு வேண்டும் என்றால், இடத்தை நன்றாகத் துடைத்துக் காயவைத்து டக்ட் டேப் ஒட்டலாம். அது ஒரு நாள் வேலைக்கு. வெடிப்பில் வேக்ஸை (கால் வழுக்காமலிருக்க டெக்கில் பூசும் மெழுகு) தேய்த்து அடைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த வேக்ஸ் ஃபோமுக்குள் இறங்கினால் பின்னால் எந்த ரெசினும் அங்கே பிடிக்காது.

மயிரிழை வெடிப்புதான். தண்ணீர் உள்ளே போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நகத்தால் குறுக்கே கீறிப் பாருங்கள். நகம் மாட்டினால் தோல் அறுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். சந்தேகம் தீரவில்லையென்றால், பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து வெடிப்பின் மேல் தடவி, காலை இளவெயிலில் ஐந்து நிமிடம் வையுங்கள். உள்ளே உள்ள காற்று சூடாகி விரியும்போது, திறந்திருக்கும் இடத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள் வரிசையாக எழும். குமிழ் வந்தால் ஓட்டை. வராமல், மேலே சிலந்தி வலை போலக் கோடுகள் மட்டும் தெரிந்தால், மேல் பூச்சு மட்டும்தான் வெடித்திருக்கிறது. அங்கே உப்புத்தாள் போட்டு ஒரு பூச்சு ரெசின் கொடுத்தால் போதும்.

ஏற்கெனவே தண்ணீர் போய்விட்டது. எத்தனை நாள் காய வேண்டும்?

நாள் கணக்கு சொல்வதில் அர்த்தமில்லை. எடை கணக்குதான் சரி. பெட்டிகளை எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று வாங்கி, போர்டைக் கயிற்றில் கட்டித் தூக்கி எடை எழுதி வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒரு முறை பாருங்கள். எடை குறைந்துகொண்டே இருக்கும் வரை உள்ளே ஈரம் இருக்கிறது. தொடர்ந்து மூன்று முறை ஒரே எடை வந்தால் காய்ந்துவிட்டது. பியூ (பாலியூரிதேன்) ஃபோம் போர்டில் சின்ன அடியென்றால் சில நாளிலேயே முடிந்துவிடும். தெர்மாகோல் போர்டு நன்றாகத் தண்ணீர் குடித்திருந்தால் வாரக்கணக்கில் ஆகும். வடகிழக்குப் பருவமழை நேரத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இன்னும் இழுக்கும்.

ஓட்டை கீழே வரும்படி போர்டைச் சாய்த்து வையுங்கள். தண்ணீர் தானாக இறங்கட்டும். உடைந்து தொங்கும் ஃபைபர் துண்டுகளை வெட்டி எடுத்து வாயை அகலமாக்கினால் சீக்கிரம் காயும். எப்படியும் அவற்றை எடுக்கத்தான் போகிறோம். டிஷ்யூ பேப்பரைத் திரியாக முறுக்கி உள்ளே செருகி, ஈரமானதும் மாற்றுங்கள். மின்விசிறிக் காற்று நல்லது. ஹேர் டிரையர், ஹீட் கன் இரண்டும் வேண்டாம், தெர்மாகோல் சுருங்கிவிடும்.

ஈரத்தோடு மூடினால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. ரெசின் ஈர ஃபோமில் சரியாகப் பிடிக்காது. மாட்டிக்கொண்ட தண்ணீர் வெயில்படும்போதெல்லாம் ஆவியாகித் தோலை உள்ளிருந்து தள்ளும். நடுவே நீளவாக்கில் மரச் சட்டம் இருக்கும் போர்டில் அந்த மரமும் அழுகத் தொடங்கும். காயும் வரை காத்திருப்பதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி. மற்றதெல்லாம் ஒரு மாலை நேர வேலை.

என் போர்டு எந்த வகை என்று எனக்கே தெரியாது. அது முக்கியமா?

மிக முக்கியம். இது தெரியாமல் ரெசின் டப்பாவைத் திறக்கவே கூடாது.

ஃபைபர் போர்டுகள் பெரும்பாலும் இரண்டு ஜாதி. பழைய முறையில் உள்ளே பாலியூரிதேன் ஃபோம், மேலே ஃபைபர் துணி, அதற்குப் பாலியஸ்டர் ரெசின். 1950களின் கடைசியில் கலிபோர்னியாவில் போர்டு தயாரித்த ஹோபி ஆல்டரும் கோர்டன் கிளார்க்கும் பால்சா மரத்தை விட்டுவிட்டு இந்த ஃபோமுக்கு மாறினார்கள். பல பத்தாண்டுகள் இதுவே வழக்கமாக இருந்தது. அந்த கிளார்க் நடத்திய கிளார்க் ஃபோம்தான் அமெரிக்காவின் பெரும்பாலான போர்டுகளுக்கு ஃபோம் கொடுத்து வந்தது. 2005 டிசம்பர் 5 அன்று அது திடீரென்று மூடப்பட்டது. அதற்குப் பிறகு இரண்டாவது ஜாதி வேகமாகப் பரவியது: உள்ளே ஈபிஎஸ் ஃபோம், அதாவது நம் ஊர் தெர்மாகோல், மேலே ஃபைபர் துணி, எப்பாக்ஸி ரெசின். நின்றுகொண்டு துடுப்புப் போடும் பேடில் போர்டுகளில், காற்றடிப்பதை விட்டுவிட்டால், கிட்டத்தட்ட எல்லாமே இந்த வகைதான்.

ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பாலியஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் இருக்கிறது. அது தெர்மாகோலைக் கரைத்துவிடும். ஊற்றிய இடத்தில் ஃபோம் கண்ணெதிரே சுருங்கிக் குகை மாதிரி ஆகிவிடும். எப்பாக்ஸி இரண்டு வகைக்கும் பொருந்தும்.

கண்டுபிடிக்க எளிய வழி உடைந்த இடத்தை உற்றுப் பார்ப்பது. டிவி பெட்டிக்குள் வருவதைப் போல வெள்ளை மணிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் ஈபிஎஸ். மணி எதுவும் இல்லாமல், நகத்தால் சுரண்டினால் மாவு போல நைசாக உதிர்ந்தால் பியூ. வெயில்பட்ட இடத்தில் அது மஞ்சளாகியும் இருக்கும். டெக்கில், உள்ளே விரியும் காற்றை வெளியேற்றும் சின்னக் காற்றுத் திருகு இருந்தால் அனேகமாக ஈபிஎஸ். அப்படியும் தெளிவில்லையா? உதிர்ந்த ஒரு துணுக்கை எடுத்து அதன்மேல் ஒரு சொட்டு தின்னரோ அசிட்டோனோ விடுங்கள். கரைந்து போனால் தெர்மாகோல். போர்டின் மேலேயே சோதிக்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் குழப்பம் என்றால் எப்பாக்ஸி வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் எதிலும் தப்பாகாது.

ஃபைபர் போட் கடையில் கிடைக்கும் ரெசின் போதுமா? வெளிநாட்டு ரிப்பேர் கிட் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பியூ போர்டுக்கு உள்ளூர்க் கடை தாராளமாகப் போதும். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் படகு பிடித்துக்கொண்டதால், நம் கடற்கரையில் மீனவர் இருக்கும் ஊரெல்லாம் ரெசினும் மேட்டும் (ஃபைபர் இழை விரிப்பு) தெரிந்த கைகள் உண்டு. படகின் அடியைக் கரையிலேயே கவிழ்த்துப் போட்டு ஒட்டும் அந்த அண்ணன்மாரிடம் நின்று பார்த்தாலே கைப்பழக்கத்தில் பாதி வந்துவிடும். அவர்கள் வேலை மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

ஆனால் படகு வேறு, போர்டு வேறு. படகுக்குப் போடும் நறுக்கிய இழை மேட் கனமானது, ரெசினை அதிகம் குடிக்கும், போர்டின் மேல் மேடாக நிற்கும். நீங்கள் கேட்க வேண்டியது நெய்த துணி. சதுர மீட்டருக்கு 200 கிராம் துணி பெரும்பாலான பழுதுக்குச் சரி. 135 கிராம் கிடைத்தால் மெல்லிய போர்டுக்கு இன்னும் நல்லது. இன்னொன்று: அந்த மேட்டில் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை பாலியஸ்டரின் ஸ்டைரீனில் கரையும்படி செய்தது. எப்பாக்ஸியில் அது சரியாகக் கரையாது, மேட் விறைப்பாகவே நிற்கும். எப்பாக்ஸி என்றால் துணி மட்டுமே.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பல கடைகளில் பாலியஸ்டர் ரெசினோடு இரண்டு சின்ன பாட்டில்கள் தருவார்கள்: ஊதா நிறத்தில் கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்துவது), தண்ணீர் நிறத்தில் கேட்டலிஸ்ட் (இறுகத் தொடங்க வைப்பது). சிலர் பின்னதை ஹார்டனர் என்பார்கள். இந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் விட்டு முழுதாகக் கலக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டுக்கும் ஒரே ஊசி, ஒரே குச்சி பயன்படுத்தக் கூடாது. இரண்டு பாட்டிலையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்கவும் கூடாது. கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசின் கிடைக்குமா என்று கேளுங்கள். வீட்டு வேலைக்கு அதுதான் நிம்மதி.

கேட்டலிஸ்ட் 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம். நம் ஊர் வெயிலில் 1 கிராம் பக்கமே இருங்கள். அது கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அந்த மூடியைத் திறக்காதீர்கள். தெறித்துவிட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவியபின் உடனே ஆஸ்பத்திரி.

எப்பாக்ஸியில் எந்த அளவு?

டப்பாவில் என்ன எழுதியிருக்கிறதோ அதே அளவு, அதுவும் எடையா கொள்ளளவா என்று பார்த்து. நம் நாட்டுக் கடைகளில் அதிகம் கிடைக்கும் எல்ஒய் 556 (ரெசின்), எச்ஒய் 951 (ஹார்டனர்) ஜோடிக்கு எடையில் 100க்கு 10 என்பது வழக்கம். மற்ற ஜோடிகள் 100க்கு 50 என்றும் வரும். கண்ணளவு வேண்டாம். 0.1 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள். "சீக்கிரம் இறுகட்டும்" என்று ஹார்டனரைக் கூட்டினால் எப்பாக்ஸி இறுகாது. மிஞ்சிய ஹார்டனர் உள்ளேயே தங்கி, பிசுபிசுப்பாகவே நிற்கும். பாலியஸ்டரில் கேட்டலிஸ்டைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றலாம், எப்பாக்ஸியில் அந்த வேலையே ஆகாது.

எம்-சீல், ஃபெவிக்விக் போட்டால் என்ன?

எம்-சீல் எப்பாக்ஸிதான். விரல் நுனி அளவு ஓட்டைக்கு, ஃபோம் காய்ந்திருந்தால், போடலாம். கனமாகவும் சுற்றியுள்ள இடத்தைவிடக் கடினமாகவும் இருக்கும் என்பதால் தேய்க்கும்போது சுற்றிலும் பள்ளம் விழும்; நாளடைவில் ஓரத்தில் விரிசலும் விடலாம். ஃபெவிக்விக் தெர்மாகோலை அரிக்கும், வேண்டாம். கார் பட்டியும் வேண்டாம்: அதுவும் பாலியஸ்டர் வகை, போதாததற்குத் தண்ணீரை இழுக்கும்.

சரி, ரெயிலில், அதாவது போர்டின் பக்கவாட்டு ஓரத்தில், ஒரு உள்ளங்கை அளவு உடைந்திருக்கிறது. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை எப்படிச் செய்வது?

போர்டு முழுதாகக் காய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடிபட்ட பக்கம் மேலே வரும்படி, இரண்டு ஸ்டூல் மேல் பழைய மெத்தை விரிப்பு போட்டு, போர்டை ஓரமாக நிறுத்திக் கட்டுங்கள்.

முதலில் வேக்ஸ். பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டி, டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்து, அப்புறம் சுத்தத் துணியில் அசிட்டோன் தொட்டு ஒரு துடைப்பு. ஃபைபர் தோலின் மேல் மட்டும். தெர்மாகோல் போர்டென்றால் திறந்த ஃபோமில் ஒரு சொட்டும் படக்கூடாது. ஓட்டையைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு வேக்ஸ் வாசனையே இருக்கக் கூடாது.

பிறகு ஆடும் ஃபைபரை பிளேடால் வெட்டி எடுங்கள். நசுங்கியிருந்தாலும் ஃபோமோடு இறுக்கமாக ஒட்டியிருக்கும் பகுதியைத் தொட வேண்டாம். 80ஆம் நம்பர் உப்புத்தாளால் ஓட்டையின் ஓரத்திலிருந்து வெளியே இரண்டு அங்குலம் வரை தேய்த்து, பளபளப்பு முழுக்கப் போய் மங்கலாகும் வரை செய்யுங்கள். பளபளப்பு மிஞ்சிய இடத்தில் புதுத் துணி ஒட்டாது. அதற்கு வெளியே மாஸ்கிங் டேப், டேப்புக்கு வெளியே செய்தித்தாள்.

அடுத்து பள்ளத்தை நிரப்புவது. ரெசினில் மைக்ரோபலூன் எனும் கண்ணாடி மாவைக் கலந்து, கரண்டியில் எடுத்தால் விழாத பதத்துக்குக் கெட்டியாக்குங்கள். அது எடை குறைவு, தேய்க்கவும் எளிது. சென்னையில் ஃபைபர் மூலப்பொருள் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஃபைபர் பட்டறைகளில் இதற்குச் சாக் பவுடர் போடுவார்கள். பிடிக்கும், ஆனால் கனம் ஏறும். பள்ளம் ஆழமென்றால் ஒரே தடவையில் நிரப்பாதீர்கள், அரை அங்குலம் அரை அங்குலமாக. விளிம்பைவிடச் சற்று மேடாக விட்டு, இறுகியபின் ரெயிலின் வளைவுக்குத் தேய்த்து, சுற்றுப்புறத்தைவிட ஒரு இழை தாழ்வாக நிறுத்துங்கள். அந்தத் தாழ்வில்தான் துணி உட்காரப் போகிறது.

துணி இரண்டு துண்டு. ஒன்று பள்ளத்தின் அளவுக்கு, மற்றொன்று எல்லாப் பக்கமும் ஒன்றரை அங்குலம் கூடுதலாக. மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர் மூலை தூக்கிக்கொள்ளும். ரெயில் வளைவில் துணி மடியாமல் படிய, ஓரத்தில் இரண்டு மூன்று இடத்தில் கத்தரியால் கீறிவிடுங்கள்.

உள்ளங்கை அளவுக்கு 40 கிராம் ரெசின் தாராளம். முதலில் தேய்த்த இடத்தில் லேசாக ரெசின் பூசி, சின்னத் துண்டை வைத்து, மேலே கொஞ்சம் ஊற்றிவிட்டு அரை நிமிடம் சும்மா இருங்கள். வெள்ளையாக இருந்த துணி ரெசினைக் குடித்து மெல்ல மெல்லக் கண்ணாடி போலத் தெளிந்து, கீழே இருக்கும் நிறம் தெரிய ஆரம்பிக்கும். எங்கே வெள்ளைப் புள்ளி மிஞ்சுகிறதோ அங்கே காற்றோ வறட்சியோ இருக்கிறது; விரலால் தட்டி, கொஞ்சம் ரெசின் கொடுங்கள். பெரிய துண்டையும் அதே மாதிரி போட்டு, ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாக வழித்து மிச்சத்தை வெளியேற்றுங்கள். துணியின் நெசவு தெரிய வேண்டும். ரெசின் குளமாக நின்றால் துணி மிதக்கும், பலமும் குறையும், கனமும் ஏறும்.

ரெசின் ரப்பர் பதத்துக்கு வரும் நேரம் ஒன்று உண்டு: விரலில் ஒட்டாது, நகம் பதியும். அப்போது டேப் ஓரமாகப் புது பிளேடால் அறுத்து டேப்பை உரித்துவிடுங்கள். முழுதாக இறுகியபின் இதே வேலைக்கு அரை மணி நேரம் தேய்க்க வேண்டி வரும்.

நெசவை மூட மேலே ஒரு பூச்சு ரெசின். எப்பாக்ஸியென்றால் முதல் பூச்சு இன்னும் லேசாகப் பிசுபிசுக்கும்போதே கொடுத்தால் நடுவில் தேய்க்க வேண்டாம். மறுநாள் 120, 220, கடைசியில் 400ஆம் நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டு. கையில் மட்டும் பிடித்துத் தேய்க்காமல் தட்டையான இடத்தில் ஒரு மரக்கட்டையில் சுற்றிப் பிடியுங்கள். துணியின் இழை வெளியே தெரிந்தால் நிறுத்தி, இன்னொரு பூச்சு கொடுங்கள். அழகுக்காகத் தேய்த்துத் தேய்த்துத் துணியையே அறுத்துவிடுபவர்கள் அதிகம். கொஞ்சம் மேடாகவே இருக்கட்டும், அலைக்கு அது தெரியாது.

எந்த நேரத்தில் செய்வது நல்லது?

தெர்மாகோல் போர்டுக்கு மாலை நாலு மணி வாக்கில், நிழலில். வெப்பம் ஏறும் நேரத்தில் ஃபோமுக்குள் உள்ள காற்று விரிந்து வெளியே வந்து, ஈர ரெசினில் ஊசித் துளைகளாகக் குமிழ் விடும். இறங்கும் நேரத்தில் அந்தத் தொல்லை இல்லை. மழை பெய்யும் நாளில் எந்த ரெசினும் வேண்டாம்.

ஒரு நாள் ஆகியும் மேலே பிசுபிசுப்பு போகவில்லை. ஏன்?

பாலியஸ்டர் என்றால் அது இயல்பு. சாதாரண ரெசின் காற்றுபடும் மேற்பரப்பில் முழுதாக இறுகாது. சர்ஃப் கடை ரெசினில் மெழுகு கலந்த ஒரு வகை தனியாக வருவது இதற்காகத்தான். மெழுகு மேலே மிதந்து காற்றை மறைக்கும். உங்களிடம் அது இல்லையென்றால், கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் ஓஎச்பி ஷீட்டை (தெளிவான பிளாஸ்டிக் தாள்) மேலே போட்டு, குமிழ் இல்லாமல் வழித்து, ஓரத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். இறுகியபின் உரித்தால் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும். தேய்க்கும் வேலையும் பாதியாகக் குறையும்.

எப்பாக்ஸியில் மேலே மெழுகு தடவியது போல ஒரு வழுவழுப்பு மட்டும் என்றால், காற்றின் ஈரத்தால் படிந்தது. கடற்கரை வீடுகளில் அடிக்கடி வரும். தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் போட்டுக் கழுவினால் போய்விடும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் தாள் அடைத்துக்கொள்ளும், அடுத்த பூச்சும் உரியும். அடியிலேயே மெத்தென்று இருந்தால் அளவோ கலக்கலோ தவறு. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி செய்வதைத் தவிர வழியில்லை.

கோப்பையில் இருந்த ரெசின் சூடாகிப் புகை வருகிறது!

வெட்டவெளியில் மண் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள், புகையை முகராதீர்கள். ரெசின் இறுகும்போது வெப்பம் வெளியாகும். ஒரே இடத்தில் குவிந்திருந்தால் அந்த வெப்பம் போக வழியில்லாமல் இன்னும் வேகமாக இறுகும். அதனால் ஒரு தடவைக்கு 50 கிராமுக்கு மேல் கலக்க வேண்டாம், அகலமான கிண்ணத்தில் கலக்குங்கள். ஆழமான பள்ளத்தை ஒரே மூச்சில் நிரப்பக் கூடாது என்று மேலே சொன்னதும் இதனால்தான், உள்ளே தெர்மாகோல் உருகிவிடும்.

வெயிலில் வைத்தால் இறுகும் ட்யூப் ரெசின் நல்லதா?

சின்ன டிங்குக்கு (அடிபட்ட சிறு பள்ளம்) மிக நல்லது. கலக்க வேண்டாம், நிழலில் ஆற அமரப் பூசிவிட்டு வெயிலில் காட்டினால் சில நிமிடங்களில் இறுகிவிடும். இலங்கையின் அறுகம் குடா மாதிரி ஊருக்கு அலைக்காகப் போகிறவர்கள் பையில் ஒரு ட்யூப் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இவற்றில் பாலியஸ்டர் வகையும் எப்பாக்ஸி வகையும் உண்டு. தெர்மாகோல் போர்டுக்கு எப்பாக்ஸி என்று எழுதியதை மட்டும் வாங்குங்கள். தடித்த பூச்சில் ஒளி அடிவரை போகாது, மெல்லிய அடுக்குகளாகப் போடுங்கள்.

டெக்கில் குதிகால் பதிந்து குழி குழியாக இருக்கிறதே?

வெடிப்பு இல்லையென்றால் விட்டுவிடுங்கள். எல்லா போர்டிலும் வரும்.

டெக்கில் ஓரிடம் உப்பி, அழுத்தினால் மெத்தென்று உள்ளே போகிறது.

தோல் ஃபோமை விட்டுப் பிரிந்திருக்கிறது. காரின் மேல் வெயிலில் விட்ட பேடில் போர்டுகளுக்கு அதிகம் வரும் நோய் இது, குறிப்பாக அடர் நிற டெக் என்றால். உள்ளங்கை அளவுக்குள் இருந்தால் வீட்டில் செய்யலாம். உப்பலின் இரண்டு முனைகளிலும் சின்னத் துளை போடுங்கள். மெடிக்கல் ஷாப் ஊசியில் எப்பாக்ஸியை எடுத்து ஒரு துளை வழியே மெதுவாக ஏற்றுங்கள். மறு துளையில் ரெசின் எட்டிப் பார்த்தால் உள்ளே பரவிவிட்டது. மேலே பாலித்தீன் தாள், அதன்மேல் மணல் மூட்டை, மறுநாள் வரை. துளைகளைச் சின்னத் துணித் துண்டுகளால் மூடுங்கள். அதைவிடப் பெரியதென்றால் தோலை வெட்டி எடுத்துப் புதிதாகத் துணி போட வேண்டும், அது அனுபவப்பட்டவர் வேலை.

ஃபின் பாக்ஸ் (ஃபின்னைச் செருகும் குழி) ஆடுகிறது, லீஷ் பிளக் (காலில் கட்டும் கயிற்றை மாட்டும் இடம்) பிடுங்கிவிட்டது. நானே செய்யலாமா?

லீஷ் பிளக்கை நீங்களே வைக்கலாம்: பழைய பள்ளத்தைச் சுத்தம் செய்து, நறுக்கிய ஃபைபர் இழை கலந்த எப்பாக்ஸியில் பதித்து, மேலே ஒரு துணி. ஃபின் பாக்ஸைச் சுற்றி மயிரிழை வெடிப்பு மட்டும் என்றால் மேலே துணி போட்டு மூடலாம். பாக்ஸே ஆடினால் அதைக் குடைந்தெடுத்துச் சரியான கோணத்தில் புதிதாகப் பதிக்க வேண்டும். கோணம் சற்று மாறினாலும் போர்டு ஒரு பக்கம் இழுக்கும். பணம் கொடுத்துச் செய்யுங்கள்.

நடுவில் மடங்கிய போர்டுக்கும் இரண்டாக முறிந்ததற்கும் இதே பதில். ஒட்ட முடியும், நன்றாக ஒட்டுபவர்களும் இருக்கிறார்கள், ஆனால் முதல் பழுதாக அதைக் கையில் எடுக்காதீர்கள்.

காற்றடிக்கும் பேடில் போர்டு கிழிந்தால்?

அது பிவிசி, ரெசினுக்கு வேலையே இல்லை. போர்டோடு வரும் ஒட்டுத்துண்டு, பிவிசி பசை, 24 மணி நேரக் காத்திருப்பு. அவ்வளவுதான்.

பழுது பார்த்த இடம் வேறு நிறமாகத் தெரிகிறது.

வெள்ளை போர்டென்றால் கடைசி நிரப்பில் ஒரு சிட்டிகை வெள்ளை பிக்மென்ட் கலக்கலாம். வெயிலில் மஞ்சளேறிய பழைய போர்டோடு ஒத்துப்போக வைப்பது கடினம், அதற்காக நேரம் செலவழிப்பது வீண் என்பது என் கருத்து.

உடம்புக்கு ஆபத்து உண்டா?

உண்டு, அதுவும் பலர் நினைப்பதைவிட அதிகம். தேய்க்கும்போது பறப்பது கண்ணாடித் தூள். என்95 முகக்கவசம், பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். முடிந்தவரை தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது. தோலில் அரித்தால் சொரியாமல் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். ரெசின் ஆவிக்கு என்95 போதாது; திறந்த மாடியில் காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று செய்யுங்கள். எப்பாக்ஸி ஹார்டனர் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரும், வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே தடிக்கும். நைட்ரைல் கையுறை போடுங்கள். கையில் பட்டதைத் தின்னரால் துடைக்காதீர்கள், சோப்புத் தண்ணீர்தான். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீட்டில் இந்த வேலையை உள்ளே வைத்துச் செய்யவே வேண்டாம்.

எப்போது கடலில் இறக்கலாம்?

பாலியஸ்டர் என்றால் மறுநாள். எப்பாக்ஸி மறுநாளே கல் மாதிரி தெரிந்தாலும் முழு பலம் வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மூன்று நாளாவது பொறுங்கள். முதல் முறை போய்வந்ததும் ஒட்டிய இடத்தின் ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள்.

மிச்ச ரெசினை என்ன செய்வது?

கலக்கியது இறுகும் வரை விட்டு, கல்லான பிறகு குப்பையில் போடுங்கள். கலக்காத திரவத்தைச் சாக்கடையிலோ மணலிலோ ஊற்றாதீர்கள். தேய்த்த தூளை ஈரத் துணியால் கூட்டி எடுத்துக் கட்டிப் போடுங்கள், காற்றில் விட்டால் நேராகக் கடலுக்குத்தான் போகும். கேட்டலிஸ்ட் பாட்டிலை மூடி இறுக்கி, வெயில்படாத இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் தனியாக வையுங்கள்.